எட்டரை மணிக்குப் பனி திறக்கும்

இந்த அறைக்கு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மைக்கை ஊதிப் பார்க்கிறார்கள். ஊதுங்கள், தப்பில்லை. நானும் ஊதியவள்தான். அந்த ஊதல் ஊர் முழுக்க நான்கு ஒலிபெருக்கிக் கம்பங்களில் கேட்கும், கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர், “இன்னா, சரளா இன்னிக்குக் காத்தும் உடுது” என்று சொல்லிச் சிரிப்பார். அதையும் தெரிந்துகொண்டு ஊதுங்கள்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டின்மேல் இருக்கிற இந்தக் குப்பத்தில் பத்தொன்பது வருடம் வானிலை அறிவித்தவள் நான். போன தை மாதத்தோடு ஓய்வு. ஓய்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே என் வீட்டுக்காரர், “உன் வாய்க்கு ஏது மே ரிட்டயர்மென்ட்டு” என்கிறார். அது அவர் பாடு.

வேலையைச் சொல்லித்தர நான் வரவில்லை. நகரத்திலிருந்து செய்தி வரும், படிப்பீர்கள். பனிக்காலத்தில் அது போதாது. ‘மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் மூடுபனி காணப்படும்’ என்று செய்தியில் இருக்கும். அந்த ஓரிரு இடம் நாம்தான். அது எந்தப் பனி, எங்கே பிறந்தது, எத்தனை மணிக்குப் போகும் என்பதை இங்கே நிற்கிறவர்தான் சொல்ல முடியும். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். மற்றவர்கள் தப்பைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

பொன்னேரியிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஒன்றை முதலில் விளக்கிவிட வேண்டும். இந்த ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ‘பாடு’ என்று ஒரு முறை. மீன்பிடி இடங்களைப் பிரித்து, குடும்பங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊர் முடிவு செய்யும். அந்த நாளில் அந்த இடம் உங்களுடையது. நீங்கள் போகவில்லை என்றால் போனது போனதுதான், வேறு நாள் தரமாட்டார்கள். எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. நீர் கடலுக்கு வடியும்போது இறால் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அந்தப் பாடு ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் மறுபடி சுற்றி வர நான்கு வருடம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், ஒரு பனிக்காலையில் மோட்டார் படகு ஒன்று கழி ஊன்றிப் போகிற சின்னப் படகின்மேல் ஏறி, ஒருவர் உயிர் போனது. அதிலிருந்து, பனி என்று மைக்கில் சொல்லிவிட்டால் யாரும் இறங்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. அதனால் உங்கள் வாயில் வருகிற ‘போகாதீங்க’ அறிவுரை இல்லை, ஊர்க்கட்டளை. இதை நான் இரண்டாவது வருடம்தான் புரிந்துகொண்டேன்.

அன்றைக்குப் போகி. எழுந்து கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் திரை போட்டாற்போல் இருந்தது. நானா யோசிப்பேன்? ஓடிவந்து மைக்கைப் போட்டு, “கடும் மூடுபனி, யாரும் ஏரிக்குப் போகாதீங்க” என்று மூன்று தடவை சொன்னேன். என் குரல் அழகாக இருந்தது என்று எனக்கே ஒரு பூரிப்பு.

ஒன்பது மணிக்கு மேல் ஏழுமலை அண்ணன் வந்தார். கழி ஊன்றும் ஒற்றைப் படகுக்காரர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு முகத்துவாரப் பாடு அவருடையது. அவர் வலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், தைத்துத் தைத்து நூலைவிட முடிச்சுதான் அதிகம். முகத்துவாரப் பாடு வந்தால்தான் புது வலை என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளைத்தான் நான் வாயால் ஊதி அணைத்திருந்தேன்.

“ஏம்மா சரளா, இங்க வா” என்று ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். “இந்தக் கம்பியத் தொடு.”

தொட்டேன்.

“இன்னா கீது?”

“ஒண்ணும் இல்லண்ணா.”

“ஒண்ணும் இல்லல்ல? காஞ்சி கெடக்குது. பனின்னா கம்பி நனஞ்சி சொட்டும். இது அல்லாரும் சேந்து கொளுத்துன பாயும் டயரும். இதுக்கா எம் பாட்ட நிறுத்துன?”

அவர் திட்டவில்லை. “நாலு வருஷம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தி அழுது தீர்த்திருப்பேன். அந்த ‘நாலு வருஷம்மா’ என்ற சொல் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஊரில் வேறு, “சரளாவுக்கு அடுப்புப் பொகையும் பனிதான், வூட்ல சமைக்காதீங்க” என்று கிண்டல். அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்காமல் என்ன செய்வது, தப்பு என்னுடையது.

அப்புறம்தான் பனியைப் படிக்க ஆரம்பித்தேன். நகரத்து வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டால் காலை வேளையில் ஓர் அதிகாரி எடுப்பார். எத்தனை கேள்வி கேட்டாலும் சலிக்க மாட்டார். ஒருநாள் பெயரைக் கேட்டேன். “பேர் எதுக்கும்மா, பனியைக் கேளுங்க” என்றார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டதையும் நானே கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புகை, புழுதி, அலை உடைந்து தெறிக்கிற உப்பு, இவை காற்றில் நின்றால் கண்ணை மறைக்கும். அது வறண்ட மங்கல். கோடையில் தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் கலங்கலாகத் தெரிகின்றனவே, அதுதான். தொட்டால் ஈரம் இருக்காது. பனி என்பது தண்ணீர், நுணுக்கமான துளி. உங்கள் கண்ணிமை நனையும், கம்பி நனையும். புகை வந்தால் பனி வராது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஈரத்துளிக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், அந்தத் துகள்தான் அதற்கு இடம். போகிக்கு மறுநாள் பனி கெட்டியாக இறங்குவது அதனால்தான்.

பனியிலும் சாதி பல. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் போர்வை மாதிரி பிடித்து வைக்கும், இல்லையென்றால் தரை சில்லிட்டுப் போகும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்றும் சில்லிட்டு, சுமந்த ஈரத்தைச் சுமக்க முடியாமல் துளியாக விட்டுவிடும். இது நிலத்துப் பனி. நமக்கு ஆரம்பாக்கம் பக்கத்து வயலிலும் சேற்றுத் தரையிலும் பிறந்து ஏரிமேல் நகர்ந்து வரும். மார்கழித் தொடக்கத்தில் வேறொன்று வரும். மழைத் தண்ணீரின் சூடு ஏரியில் மிச்சம் இருக்கும்போது மேலே குளிர்காற்று வீசினால், உலை கொதிக்கிற மாதிரி தண்ணீரிலிருந்து ஆவி இழை இழையாக எழும். முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்புயரம். வெளியூரிலிருந்து படகுச் சவாரிக்கு வந்த சிலர் அதைப் பார்த்து ஏரி பற்றிக்கொண்டது என்று அலறியிருக்கிறார்கள். அது பாட்டுக்கு வரும், போகும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. நம் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், நாலு குளிர் ராத்திரியில் குளிர்ந்துவிடும். கடல் அப்படிக் குளிராது. கடல்மேல் இருந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று மெல்லக் கிழக்கிலிருந்து நகர்ந்து, குளிர்ந்த ஏரிமேல் வந்தால் வரவரப் பனியாகும். காற்று நிற்கிறவரை பனி உற்பத்தி நிற்காது. வெயில் வந்தாலும் சட்டென்று போகாது. அதற்கு நேரம் சொல்லவே கூடாது, நானும் சொன்னதில்லை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். என்றைக்குப் பனி, கம்பி ஈரமா, கடல் பக்கம் எப்படி, எத்தனை மணிக்கு விலகித் திறந்தது. நான்கு குளிர்காலம் எழுதினேன். வீட்டுக்காரர், “இன்னா, பனி மேல கதை எழுதுறியா” என்று கேட்டார். எழுதிக்கொண்டேயிருந்தேன்.

நான்கு வருடம் சுற்றி வந்தது. மாசி மாதம், ஏழுமலை அண்ணனுக்கு மறுபடி முகத்துவாரப் பாடு. வலையில் முடிச்சுகள் இன்னும் கூடியிருந்தன. முந்தின நாள் அவர் மனைவி கடையில் என்னைப் பார்த்து, “இந்தப் பாடும் போச்சுன்னா வலைய வித்துட்டு காட்டுப்பள்ளிக்குக் கூலிக்குப் போறேன்னு சொல்லிட்டாரு, சரளா” என்றார். நாற்பது வருடம் ஏரியில் கழி ஊன்றிய மனிதர் அவர். எனக்கு வாங்க வந்த சர்க்கரை மறந்துபோனது.

விடியற்காலை எழுந்து கதவைத் திறந்தேன். எதிர்வீடு தெரியவில்லை.

ஓடிப்போய் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். விரல் நனைந்தது. பனிதான். கைப்பேசியில் செய்தி வந்திருந்தது: காலை பத்து மணிவரை அடர்ந்த மூடுபனி, மீனவர்கள் செல்ல வேண்டாம். ஏரியில் நீர் வடிய ஆரம்பிப்பது அன்றைக்கு ஒன்பது மணிக்கு. அதற்குள் அவர் அங்கே கம்பு நட்டு வலை கட்டியாக வேண்டும். போய்ச் சேர இருபது நிமிடம், கட்ட மீதி. அதாவது எட்டரைக்காவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இறால் போய்விடும்.

இப்போது என் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். செய்தியை அப்படியே படித்துவிட்டால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது, ஆனால் அவர் பாடு போய்விடும். ‘போங்க’ என்று சொன்னால் பாடு கிடைக்கும், ஆள் திரும்பி வருவாரா தெரியாது. இரண்டும் வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல எனக்குக் காரணம் வேண்டும்.

மணல்மேட்டைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்தேன். ஐந்து நிமிட நடை. நடக்க நடக்கப் பனி மெலிந்து, அலை உடைகிற இடத்தில் சுத்தமாக இல்லை. அடிவானம் வரை தெரிந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. கன்னத்தில் காற்றே படவில்லை. கடலில் பிறந்த பனி கடலோரத்தில் இல்லாமல் இருக்குமா? இது நிலத்தில் பிறந்தது. திரும்பி வந்து ஏரிக்கரையில் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்தே தலைக்கு நேர்மேலே ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. அப்படியென்றால் உயரம் குறைவு. வெயில் இதைத் தின்றுவிடும்.

நோட்டைப் புரட்டினேன். இந்த மாதிரி நாட்கள் எல்லாம் எட்டரைக்குள் திறந்திருந்தன. ஒரே ஒரு நாள் மட்டும் ஒன்பதே கால். அன்றைக்கு மேலே மேகம் வந்து வெயிலை மறைத்தது என்று நானே ஓரத்தில் எழுதியிருந்தேன். இன்றைக்கு மேகம் வந்தால்? அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“பத்துன்னு போட்டிருக்கோம். உங்க இடத்துக்கு முன்னாடியே போகலாம். உறுதியா என்னால சொல்ல முடியாதும்மா. உங்க நோட்டு என்ன சொல்லுது?” என்றார்.

“எட்டரை.”

“அப்போ முடிவு உங்களுது” என்று வைத்துவிட்டார். கோபம் வந்தது எனக்கு. பிறகு யோசித்தால் அவர் சொன்னதைவிட மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

மைக்கைப் போட்டேன். “பனி இருக்குது, யாரும் இறங்காதீங்க. ஆனா வூட்டுக்கும் போவாதீங்க. வலையப் படகுலருந்து எறக்காதீங்க. படகுக்கிட்டயே நில்லுங்க. எட்டரைக்குத் தெறக்கும். தெறந்ததும் நான் சொல்றேன்.”

ஊரே கரைக்கு வந்துவிட்டது. போகிக் கதையை யாரும் மறக்கவில்லை, வேடிக்கை பார்க்காமல் இருப்பார்களா. ஏழு மணிக்குக் கொஞ்சம் வெளுத்தது. ஊர்த் தலைவர் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழரைக்குப் பனி தடித்தது.

சும்மா இல்லை, நன்றாகத் தடித்தது. பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரிந்தது, அவருக்கு அடுத்தவர் வெறும் நிழல். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல், “அக்கா, உன் எட்டரை நம்மூரு எட்டரையா, துபாய் எட்டரையா?” சிரிப்பு எழுந்தது. தலைவர், “சரளா, பேஜாராப் போச்சும்மா. பேசாம பத்துன்னு சொல்லிடு” என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலத்துப் பனி விடிந்தவுடன் முதலில் தடிக்கும். முதல் வெயிலுக்குப் பனியைத் தின்னும் பலம் இருக்காது. தரையில் படிந்த ஈரத்தை எழுப்பிக் கிளறிவிடும், அவ்வளவுதான். அடிப்பிடித்த கஞ்சியைக் கிளறினால் அடியில் இருந்தது மேலே வருகிற மாதிரி, கீழே கிடந்த பனி உயரமாகும். தெரியாதவர் பார்த்தால் இனி போகவே போகாது என்று நினைப்பார். என் நோட்டில் ஒவ்வொரு நாளும் அது இருந்தது: தடித்தது, தடித்தது, திறந்தது. ஆனால் நோட்டில் படிப்பது வேறு, ஊர் முன்னால் நிற்பது வேறு.

எட்டேகாலுக்கு ஏழுமலை அண்ணன் படகின் கயிற்றை அவிழ்த்தார். நான் ஓடினேன்.

“அண்ணா, வேணாம்.”

“தள்ளிக்கோம்மா. நாப்பது வருஷமாப் போற வழி, கண்ண மூடிக்கினு போவேன்.”

“உனக்கு வழி தெரியும். வர்றவனுக்கு நீ தெரிவியா?”

அவர் நிற்கவில்லை, படகைத் தள்ளினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, நான் பாட்டுக்குப் படகில் ஏறி வலைமேல் உட்கார்ந்துவிட்டேன். பாடு பார்க்கக் கிளம்புகிற படகில் பெண்பிள்ளை ஏறுவதை எங்கள் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதுவும் வலைமேல். அவர் தள்ளுவதை நிறுத்தினார்.

“எறங்கு, சரளா.”

“எட்டரைக்கு எறங்குறேன்.”

“உனக்கு இன்னா பைத்தியமா?”

“இது போற பனிண்ணா. போறப்பதான் தடிக்கும். அன்னிக்கு நீ கம்பியத் தொடச் சொன்னதுலருந்து நாலு வருஷமா இதத்தான் எழுதிக்கினு இருக்கேன். இன்னிக்கும் நான் தப்பா சொல்லியிருந்தா நாளைக்கு மைக்கப் புடுங்கி ஏரியில போடு. பதினஞ்சு நிமிஷம் குடு.”

அவர் கழியைத் தண்ணீரில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டார். தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் மணியைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

முதலில் கண் கூசியது. வெள்ளை பளிச்சென்று ஆனது. அதுதான் அறிகுறி, மேலே மெலிந்து வெயில் உள்ளே இறங்குகிறது. பிறகு தென்னை மரங்களின் தலை மட்டும் தெரிந்தது, உடம்பில்லாமல். பின்னால் கோயில் கோபுரம். கரையில் யாரோ, “வர்து, வர்து” என்றார். அடுத்த சில நிமிடத்தில் தண்ணீர் தெரிந்தது. பத்தடி, ஐம்பதடி, அப்புறம் ஏரி முழுக்க. வடக்கே கொக்குகள் நிற்கிற மணல் திட்டும், தூரத்தில் முகத்துவாரத்தில் நட்டிருந்த பழைய கம்புகளும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம் போல் தெளிந்தன.

தலைவர் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, “எட்டு இருவத்தேழு” என்று கத்தினார். கரையே கத்தியது. துபாய் எட்டரை கேட்ட குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. ஏழுமலை அண்ணன், “இப்ப எறங்கு” என்றார். இறங்கினேன். புடவை இடுப்புவரை நனைந்து, தலை கலைந்து, ஓடிவந்து மைக்கைப் போட்டு, “தெறந்துடுச்சு, போங்க” என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது நான்கு கம்பங்களிலும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து எல்லாப் பனிக்கும் எட்டரை என்று சொல்லாதீர்கள். கம்பியைத் தொடாமல், கடல் பக்கம் போகாமல், மேலே பார்க்காமல் சொல்கிற நேரம் வெறும் வாய்ச்சவடால். பார்த்துவிட்டுச் சொன்னீர்கள் என்றால், பனி தடிக்கிறபோது உங்கள் வாய் மாறக்கூடாது. வெறும் செய்தியை யாரும் படிப்பார்கள். தடிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் உங்களை வைத்திருக்கிறோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏழுமலை அண்ணன் அறைக்கு வந்தார். கூடைகளைக் கரையில் இறக்கியதையும், இறாலைப் பார்க்கக் கூட்டம் கூடியதையும், அவர் மனைவி தலைமுடியை அள்ளி முடிந்தபடி சிரித்ததையும் ஜன்னலிலிருந்தே பார்த்திருந்தேன். புது வலை நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடி, “நாளைக்கு இன்னா பனி?” என்று கேட்டார்.

பனி உண்டா, இல்லையா என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். என்ன பனி என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். தெற்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது, காற்றும் எழுந்திருந்தது.

“நாளைக்குப் பனியே கெடையாதுண்ணா. காத்து இருக்குது, மேகமும் மூடுது. அல்லாரும் போலாம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மாலை அறிவிப்புக்கு நேரமானதும் நான் உள்ளே போய் மைக்கைப் போட்டேன். அதற்குள் அவர் கரையில் படகு படகாக நின்று எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார்.